செவ்வாய்க்கிழமைத் தொடரும் வியாழக்கிழமைத் தொடரும்

2009 மார்ச் 2, திங்கட்கிழமை, தொலைக்காட்சி நிலையத்தின் இரண்டாம் மாடி நாடா அறையில், பழைய அகல நாடாக்களை ஓட்டக்கூடிய இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. நாடாவில் உள்ளதைப் படிக்கும் அதன் காந்தத் தலை தேய்ந்துவிட்டது, மாற்றுத் தலை எங்கும் கிடைக்கவில்லை, இன்னும் ஏறத்தாழ அறுபது மணி நேரம் ஓடும் என்று நிலையப் பொறியாளர் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

அந்த அறுபது மணி நேரத்தில் பழைய நாடகத் தொடர்களில் ஒன்றைத்தான் முழுதாகக் கணினிக்கு மாற்ற முடியும். போட்டியில் இரண்டு இருந்தன. செவ்வாய்க்கிழமைகளில் வந்த ‘நீர்த்தொட்டித் தெரு’. வியாழக்கிழமைகளில் வந்த ‘ஏழாம் எண் கதவு’. இரண்டும் 1986 ஜனவரியில் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஓடியவை. இரண்டுக்கும் நூற்று நான்கு பகுதிகள், பகுதிக்கு இருபத்தாறு நிமிடம். கூட்டிப் பார்த்தால் தொடருக்கு நாற்பத்தைந்து மணி நேரம். மாற்றப்படாத தொடரின் நாடாக்கள் கழிவுக்குப் போகும். ஓட்ட இயந்திரம் இல்லாத நாடாவை அடுக்கி வைத்து என்ன செய்வது என்று நிர்வாகம் கேட்டது.

போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், பார்க்கிற ஒவ்வொரு மணி நேரமும் அறுபதில் கழியும். அதனால், இரண்டையும் அன்றைக்கே பார்த்தவர் ஒருவர் ஒப்பிட்டு எழுதித் தரட்டும் என்று மூன்று பேர் கொண்ட குழு தீர்மானித்தது. இருபது ஆண்டுகளாக நாளிதழில் தொலைக்காட்சிப் பத்தி எழுதிவந்த என்னைக் கேட்டார்கள்.

குழுத் தலைவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். ‘ஏழாம் எண் கதவு’க்கு வசனம் எழுதியவர் என் அக்காவின் கணவர்.

“அதனால என்ன சார்? உள்ளும் புறமும் தெரிஞ்சவரு நீங்க. நியாயமா எழுதுங்க, போதும்” என்றார் அவர்.

அத்தான் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த இரண்டு ஆண்டுகள் மட்டும் மாலைகளில் வசனம் எழுதினார். அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதவில்லை. எழுதிய தாள்களை வாரா வாரம் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு பிரதிகூட வீட்டில் இல்லை. ஒளிபரப்பைப் பதிவு செய்துவைக்கும் கருவியெல்லாம் அன்று எங்கள் தெருவில் யாரிடமும் கிடையாது. ஆக, அந்த நூற்று நான்கு நாடாக்களைத் தவிர அத்தானுடைய எழுத்து உலகத்தில் வேறெங்கும் இருக்கவில்லை. குழு என்னைக் கேட்ட செய்தி தெரிந்ததும் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“இவரு வாயத் தெறந்து கேக்க மாட்டாருடா. எழுபத்திரண்டு வயசாச்சு. ஒரு தடவை திரும்பப் பாத்துரணும்னு மனசுல இருக்கு. பாத்துக்க.”

“பார்ப்போம்க்கா. நியாயமாத்தான் எழுத முடியும்” என்றேன். அப்படிச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த நாட்களில் நான் வேலை தேடிக்கொண்டு அக்கா வீட்டில் இருந்தேன். ஊரே இரண்டாகப் பிரிந்திருந்தது. பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே செவ்வாய்க் கட்சியா, வியாழன் கட்சியா என்று தெரிந்துவிடும். செவ்வாய்த் தொடரில் முப்பத்திரண்டு பாத்திரங்கள். ஒரு தெருவையே கட்டிவைத்துப் படம் பிடித்தார்கள். மழை பெய்தால் நிஜமாகவே பெய்தது. வியாழன் தொடரில் இரண்டு அறை, ஒரு கதவு, ஐந்து பேர். யார் கதவைத் தட்டுகிறார்கள் என்பதுதான் ஒவ்வொரு வாரமும் கதை. இரண்டிலும் பொதுவாக இருந்தவர் ஒரு நடிகை மட்டும். செவ்வாயன்று இஸ்திரிக் கடை நடத்தும் விதவை. வியாழனன்று ஐந்து பேர் குடும்பத்தின் தாய். அதே குரல், அதே நடை, பல வாரம் அதே சேலையும்கூட.

தன் வசனத்தைத் தன் வீட்டுக் கூடத்தில் கேட்க அத்தானுக்குக் கூச்சம். வியாழன் எட்டு மணி ஆனதும் பெட்டியை அணைத்துவிட்டு நடக்கப் போய்விடுவார். அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, மூன்று வீடு தள்ளியிருந்த தையல்காரர் வீட்டுக்கு நானும் அக்காவும் ஓடுவோம். முதல் ஐந்து நிமிடமும் தலைப்பும் எப்போதும் போயிருக்கும். செவ்வாய்த் தொடரையும் அங்கேதான் பார்த்தேன். தையல்காரரிடம்தான் வண்ணப் பெட்டி இருந்தது. தையல் இயந்திரத்துக்குப் பின்னால், பத்துப் பதினைந்து தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி நின்றுகொண்டே பார்த்த தொடர்கள் அவை.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, என் மேஜையில் உட்கார்ந்து, நினைவிலிருந்தும் கொஞ்சம் பத்திரிகைத் துணுக்குகளிலிருந்தும் நான்கு பக்கம் எழுதினேன். சொந்தக்காரனுக்குச் சாய்ந்தான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தேன். என் முடிவு ஒரு காட்சியின்மேல் நின்றது. வேலை போன செய்தியை மறைத்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல அலுவலகத்துக்குக் கிளம்புகிறான் ஒருவன். அந்த நடிகை நடித்த பெண்ணுக்கு விஷயம் முந்தின நாளே தெரியும். தெரியாதவள்போல டிபன் டப்பாவைத் துடைத்து, நிரப்பி, மூடி, கையில் கொடுக்கிறாள். அவன் போனதும் கரண்டியைக் கழுவுகிறாள். கழுவிய கரண்டியை மறுபடி கழுவுகிறாள். நான்கு நிமிடம், ஒரு சொல் இல்லை.

‘ஏழாம் எண் கதவு வாயால் பேசுகிற தொடர். நீர்த்தொட்டித் தெருவுக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரியும். இந்த ஒரு காட்சிக்காகவே காப்பாற்றப்பட வேண்டியது இரண்டாவதுதான்’ என்று எழுதி அனுப்பினேன்.

குழு மூன்று நாளில் ஒப்புக்கொண்டது. என் ஒப்பீடு மார்ச் 15, ஞாயிறு இதழில் முழுப் பக்கமாக வந்தது. அன்று மதியம் இதழை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மறைப்பது கோழைத்தனம், நேரில் காட்டுவதுதான் ஆண்மை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோப்பு பார்ப்பவர்போல வரிக்கு வரி ஓரத்தில் விரல் வைத்துப் படித்தார்.

“நல்லா எழுதியிருக்க மச்சான். ஒரு பிசிறு இல்ல.”

“உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே அத்தான்?”

“எதுக்கு? சொந்தக்காரன்னு சலுகை குடுத்திருந்தாத்தான் அசிங்கம்.”

அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். “என்னடா எழுதியிருக்க, எனக்கும் படி. கண்ணாடிய எங்க வெச்சேன்னே தெரியல.”

படித்தேன். டிபன் டப்பா வந்ததும் அவள் கை நின்றது.

“நில்லு நில்லு. டப்பா கட்டுற சீனா? அது இவரோடதுல்ல?”

“இல்லக்கா. அது நீர்த்தொட்டித் தெரு. இஸ்திரிக் கடை அம்மா.”

“இஸ்திரிக் கடை அம்மாவுக்குப் புருஷன் ஏதுடா? மொத வாரமே செத்துப்போயிட்டானே. யாருக்கு டப்பா கட்டுனா, ஆவிக்கா?”

“புருஷனுக்கு இல்ல, மகனுக்கு.”

“அவனுக்கு எட்டு வயசு. எட்டு வயசுப் பையனுக்கு எந்த ஆபீஸ்ல வேலை போச்சு?”

“ரெண்டுலயும் அவங்கதானேக்கா நடிச்சாங்க. நீதான் போட்டுக் குழப்பிக்கிற.”

“ஆமாப்பா, வீட்ல துணி மடிக்கிறவ, நான் குழப்பிக்குவேன். நீ பேப்பர்ல எழுதுறவன், உனக்கு எல்லாம் தெளிவா இருக்கும்.”

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் இதழை நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

“விடு. பழைய கதை” என்றார். பிறகு அவரே சிரித்தார். “அந்த வாரம் நாலு நிமிஷத்துக்கு நான் ஒண்ணுமே எழுதிக் குடுக்கல. ‘பேச்சு இல்லை’ன்னு மட்டும் போட்டுக் குடுத்தேன். டைரக்டர், பக்கம் காணாமப்போச்சுன்னு வீட்டுக்கே ஆளனுப்பிட்டாரு. நூத்திநாலு வாரத்துல நான் எழுதாம விட்டது அந்த நாலு நிமிஷம்தான். பாராட்டுறதுக்கு அதைப் போய்ப் புடிச்சிருக்க பாரு.”

மடித்த இதழைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். பிறகு அவர் கேட்டார்: “எப்ப ஆரம்பிக்கிறாங்க?”

“நாளைக்கு.”

“சரி” என்றார்.

சரிபார்த்துவிடுவோம் என்று செவ்வாய்க்கிழமை, மார்ச் 17, நிலையத்துக்குப் போனேன். நாடா அறையின் பொறுப்பாளரை எல்லோரும் பூட்டம்மா என்பார்கள். தேநீர்க் கோப்பையைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அறையை விட்டு நகர்வார் என்று பெயர். அவரிடம் கையெழுத்திட்டு, ‘ஏழாம் எண் கதவு’ கதைச்சுருக்கக் கட்டையும் 1987ஆம் ஆண்டின் ஒளிபரப்புப் பதிவேட்டையும் வாங்கிக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் இயந்திரம் ஓடும் இரைச்சல் கேட்டது.

பகுதி 61: ‘கணவன் வழக்கம்போல் கிளம்புகிறான். தாய் டிபன் கட்டிக் கொடுக்கிறாள். பேச்சு இல்லை.’

பதிவேட்டில் 1987 மார்ச் 10, செவ்வாய், இரவு எட்டு மணிக்கு எதிரே நீல மையில் எழுதியிருந்தது: ‘ஏழாம் எண் கதவு, 61. வியாழன் அன்று விளையாட்டு இறுதிப் போட்டி நேரடி ஒளிபரப்பு என்பதால் இன்றே. நீர்த்தொட்டித் தெரு இவ்வாரம் இல்லை.’

அது செவ்வாய்க்கிழமை. அன்றும் பிந்திப் போய், தலைப்பைப் பார்க்காமல், தலைகளுக்கு மேலே நான் பார்த்தது அந்த நடிகையை. செவ்வாய் என்றால் அவர் இஸ்திரிக் கடை அம்மா. அவ்வளவுதான் நடந்தது. அதை வைத்து, அத்தானின் மிகச் சிறந்த நான்கு நிமிடங்களைப் பிடுங்கி எதிர்த் தொடருக்குக் கொடுத்து, அதைக் கொண்டே அவருடையதைத் தோற்கடித்திருந்தேன்.

கணக்குப் போட்டேன். நாளுக்கு மூன்று மணி நேரம் ஓட்டுகிறார்கள். அன்று மாலையோடு ஆறு மணி நேரம் தீரும். மிச்சம் ஐம்பத்து நான்கு. ‘ஏழாம் எண் கதவு’க்கு வேண்டியது நாற்பத்தைந்து. பூட்டம்மாவின் மேஜை பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்தது. பதிவேட்டை மூடி, திருப்பிக் கொடுத்து, நேரம் குறித்துக் கையெழுத்திட்டுப் படியிறங்கினேன்.

நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புதன்கிழமை ஆசிரியர் என்னை அழைத்து, கட்டுரைக்கு நாற்பத்தொரு கடிதங்கள் வந்திருப்பதாகவும், ஒரே காலத்துத் தொடர்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு வாரம் ஒன்று எழுதும்படியும் சொன்னார். அந்த டிபன் டப்பாக் காட்சியைப் பற்றித்தான் பாதிக் கடிதங்கள். எந்தத் தொடர் என்று ஒருவரும் திருத்தவில்லை; ஊரே மறந்திருந்தது. வெள்ளிக்கிழமை குழுத் தலைவர் ஒரு கூட்டத்தில் என் வரிகளை மேற்கோள் காட்டிவிட்டு, தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த வாரம் முழுதும் எனக்குக் காய்ச்சல் வருவதுபோல இருந்தது, வரவில்லை. ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரம் கழிந்தது எனக்குத் தெரிந்தே கழிந்தது. அத்தானே ‘விடு’ என்று சொல்லிவிட்டாரே என்று எனக்கு நானே பலமுறை எடுத்துச் சொன்னேன்.

மார்ச் 30, திங்கள் காலை நாடா அறைக்குப் போனேன்.

“ஒரு தப்பு நடந்துபோச்சும்மா” என்று பூட்டம்மாவிடம் ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், கேட்காமலே, “எனக்கே நேத்துதான் தெரிய வந்துச்சு” என்றும் சேர்த்தேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இழுப்பறையின் பூட்டைத் திறந்து, கையெழுத்துப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, என் பக்கம் திருப்பி வைத்தார்.

“பதினேழாந்தேதி. எண்பத்தேழாம் வருஷப் பதிவேடு, ஏழாம் எண் கதவு கதைச்சுருக்கம். எடுத்தது பத்தே கால், குடுத்தது பதினொண்ணே முக்கால். இது உங்க கையெழுத்துதானே சார்?”

“ஆமா.”

“அன்னைக்கு இந்த மேஜைல ஒரு தட்டு தட்டியிருந்தீங்கன்னா, அந்த மிஷின நானே நிறுத்தியிருப்பேன்.” குரலை உயர்த்தவில்லை. “முப்பது மணி நேரம் முடிஞ்சுபோச்சு. அறுபத்தொன்பது எபிசோடு ஏறியாச்சு. இப்ப வந்து சொல்றீங்க.”

நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது ஆண்டுகளாக அடுத்தவர் சொல்லுக்கும் பதிவேட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தேடிப் பிழைப்பு நடத்தியவன் நான். என் கையெழுத்து எனக்கே தலைகீழாகத் தெரியாமல் நேராகத் தெரியும்படி அவர் திருப்பி வைத்திருந்தார்.

“தலைவர்கிட்ட நீங்களே சொல்லிருங்க. நேத்துன்னு சொல்லாதீங்க” என்றார்.

சொன்னேன். குழு அன்று மதியமே கூடியது. பாதியில் நிறுத்தினால் இரண்டுமே அரைகுறையாகும், ஆரம்பித்ததை முடிக்கட்டும், பொறியாளரின் கணக்குப்படி மீதமாகும் பதினைந்து மணி நேரத்தில் ‘ஏழாம் எண் கதவு’ எத்தனை பகுதி முடியுமோ அத்தனை ஏறட்டும் என்று முடிவானது. முப்பத்து நான்கு பகுதிகள்.

மாலை அக்கா வீட்டில் சொன்னேன். இந்த முறை தேதியோடு.

“பதினேழாந்தேதியே தெரியுமா?” என்றாள் அக்கா. “ரெண்டு வாரமா வாய்ல என்னடா வெச்சிருந்த? நான் சொன்னப்ப என்னையக் குழப்பக்காரின்னியே.”

“அவனத் திட்டாத. நான்தான் விடுன்னு சொன்னேன்” என்றார் அத்தான்.

“நீங்க சொல்லுவீங்க. உங்களுக்கு உங்க பேரக் கேட்டாலே கூச்சம். அவனுக்குமா புத்தி இல்ல? நீங்க விடச் சொன்னது உங்க வருத்தத்த. அவன் விட்டது உங்க நாடாவ.”

அத்தான் என்னிடம் திரும்பி, “முப்பத்திநாலு நிச்சயமா?” என்று கேட்டார்.

“பொறியாளர் கணக்கு அப்படித்தான் அத்தான்.”

“அப்ப வரிசையாப் போட வேண்டாம்னு சொல்லு. நானே எழுதித் தர்றேன்.” பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுத உட்கார்ந்தார். “அறுபத்தொண்ணு மொதல்ல. அப்புறம் முப்பத்தெட்டு. தண்ணி கேட்டு வர்றவன் கதவுக்கு வெளியவே நின்னு பேசிட்டுப் போவான் பாரு, அது. தொண்ணூறும் தொண்ணூத்தொண்ணும் சேர்ந்தே வரணும், பிரிச்சா புரியாது.” பேனாவின் அடியைக் கடித்துக்கொண்டு யோசித்தார். “பன்னெண்டு வேணாம். அதுல அப்பாக்காரன் ரொம்பப் பேசுறான். அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

அக்கா கொண்டுவைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. “அந்தச் சின்னவ முடிவெட்டிக்கிட்டு வர்றது எத்தனாவது?” என்று அவள் கேட்டாள். “எழுபத்தாறு” என்று நிமிராமலே சொன்னார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் அந்தத் தொடரைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எதிரே உட்கார்ந்து, அவர் சொன்ன எண்களை இன்னொரு தாளில் படியெடுத்தேன். ஒருமுறைகூட அவர் என்னைக் குறை சொல்லவில்லை. இரண்டு முறை, “உனக்கு எது பிடிச்சது, சொல்லு, அதையும் சேர்ப்போம்” என்று கேட்டார். எனக்கு நிச்சயமாக எந்தப் பகுதியும் நினைவில் இல்லை. “நீங்க போட்டதே போதும் அத்தான்” என்றேன்.

ஏப்ரல் 1, புதன்கிழமை, அந்தப் பட்டியலைப் பூட்டம்மாவிடம் கொடுத்தேன். அவர் தேதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 2, வியாழக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு, ‘நீர்த்தொட்டித் தெரு’வின் தொண்ணூற்றைந்தாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது இயந்திரத்தின் தலை உடைந்தது. மொத்தம் நாற்பத்தொரு மணி நேரம் ஓடியிருந்தது. அறுபது என்பது மதிப்பீடுதான் என்று பொறியாளர் தன் அறிக்கையில் குறிப்பிட்டார்.

என் திருத்தம் ஏப்ரல் 5, ஞாயிறு இதழின் ஒன்பதாம் பக்கத்தில் ஐந்து வரிகளில் வந்தது. அந்தக் காட்சி ‘ஏழாம் எண் கதவு’, பகுதி 61 என்றும், நினைவுப் பிழைக்கு வருந்துவதாகவும் எழுதியிருந்தேன். பதினேழாம் தேதியைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

ஏப்ரல் 24 அன்று ‘நீர்த்தொட்டித் தெரு’வின் கடைசிப் பத்து நாடாக்களும், ‘ஏழாம் எண் கதவு’ நாடாக்கள் நூற்று நான்கும் லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டன.